கல்லறைக்குப் போன கணுக்கால்

முற்றத்துச் சரளைக்கல்லில் அந்த நடைச் சத்தம் கேட்டபோது சிகுசாவுக்கு முதலில் வந்தது பயமல்ல, எரிச்சல். மறுபடியும் காலை இழுக்க ஆரம்பித்துவிட்டோமா என்று தன்மேலேயே வந்த எரிச்சல்.

அப்போதுதான் வாசலில் வரவேற்புத் தீ மூட்டி முடித்திருந்தார்கள். ஓபோன் தொடங்கும் மாலை. செத்தவர்கள் மலைச்சரிவுக் கல்லறையிலிருந்து இறங்கி வந்து, வீட்டில் சில நாள் தங்கிவிட்டுப் போகிற காலம். அவள் கணவர் குனிஹிக்கோ மண்சட்டியில் சணல் தண்டுகளை அடுக்கிக் கொளுத்தினார். தண்டுகள் சடசடவென்று எரிந்தன. புகை மலைப் பக்கம் போகாமல் வீட்டுப் பக்கமே சாய்ந்தது. "வாங்க, எல்லாரும் வாங்க. வெயில்ல வந்திருப்பீங்க, உள்ள வந்து உட்காருங்க" என்று, ஊரிலிருந்து வந்து இறங்கிய சொந்தக்காரர்களிடம் பேசுவது போலச் சொல்லிவிட்டு அவர் வீட்டை நோக்கி நடந்தார். அவருக்குப் பின்னால் சிகுசா. அவளுக்குப் பின்னால் யாருமில்லை.

ஒரு கால் கல்லில் அழுத்தமாக ஊன்றியது. மற்றது கல்லை வாரிக்கொண்டு சரக்கென்று இழுபட்டு வந்தது. ஊன்றல், இழுவை. ஊன்றல், இழுவை.

அவள் நின்றாள். சத்தம் உடனே நிற்கவில்லை. இன்னொரு ஊன்றல், பாதி இழுவை, அதற்குப் பிறகுதான் நின்றது. முன்னால் போகிறவர் திடீரென்று நின்றுவிட்டால் பின்னால் வருகிறவர் தடுமாறி நிற்பாரே, அப்படி.

"என்ன, கால் வலிக்குதா?" குனிஹிக்கோ திரும்பிப் பார்த்தார்.

"இல்லங்க. நீங்க போங்க."

அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நடையை அவளுக்குத் தெரியும். இரண்டு வருஷம் அது அவளுடைய நடையாக இருந்தது.

பெர்சிமன் பழ அறுவடையின்போது தோட்டத்தில் ஏணி சாய்ந்து விழுந்தாள். உடைந்தது வலது கணுக்காலுக்குள் இருக்கும் சின்ன எலும்பு. உடம்பின் பாரமெல்லாம் அதன்மேல்தான் இறங்குகிறது என்றாலும் அதற்கு ரத்தம் வருவது நூல் போன்ற குழாய்களில். விழுந்த வேகத்தில் அவை அறுந்துவிட்டன. உடைந்த இடம் ஒட்டியது, ஆனால் எலும்பு பிழைக்கவில்லை. உயிரோடிருக்கும் காலுக்குள் ஒரு எலும்பு மட்டும் செத்துப்போய், அவள் வைத்த ஒவ்வொரு அடியிலும் ஈரமண் போலக் கொஞ்சம் கொஞ்சமாக நொறுங்கிக்கொண்டிருந்தது. நகரத்து ஆஸ்பத்திரியில் டாக்டர் நிஷிவாகி படத்தைக் காட்டியபோது, தனக்குள்ளே ஒரு பிணத்தைச் சுமந்துகொண்டு திரிந்திருக்கிறோம் என்றுதான் அவள் நினைத்தாள்.

"இடது கால் எலும்பை அளவெடுத்து, கண்ணாடியில தெரியற மாதிரி திருப்பிப் பீங்கான்ல செஞ்சிரலாம்மா" என்றார் டாக்டர். "பழசை எடுத்துட்டு அந்த இடத்துல இதை வைப்போம். ஓடலாம், மண்டி போடலாம்."

"எடுத்தத என்ன பண்ணுவீங்க?"

"நாங்களே எரிச்சுருவோம். ஏன், வேணுமா?"

"ஐயையோ, வேண்டவே வேண்டாம்!" அவள் சொன்ன வேகத்தில் டாக்டர் சிரித்துவிட்டார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த குனிஹிக்கோ மட்டும் சிரிக்கவில்லை.

அறுவைச் சிகிச்சை குளிர்காலத்தில் நடந்தது. செர்ரி பூக்கும்போது ஊன்றுகோலைத் தூக்கிப் போட்டாள். இப்போது அவள் நடையில் எந்தக் குறையும் இல்லை. தோட்டத்தின் செங்குத்தான பாதையில் கணவருக்கு முன்னால் ஏறிவிடுவாள். அந்த இரண்டு வருஷத்து நொண்டியை, வலியில் முகம் சுருங்கிப்போன, எதற்கும் குனிஹிக்கோவின் கையை எதிர்பார்த்த அந்தப் பெண்பிள்ளையை, அவள் ஒரு நாளும் நினைத்துப் பார்ப்பதில்லை. அவளைப் பற்றி யாராவது பேசினால்கூடப் பிடிக்காது.

மறுநாள் காலையில் சமையலறையில் சோமென் நூடுல்ஸைக் குளிர்ந்த நீரில் அலசிக்கொண்டிருந்தாள். குழாய்த் தண்ணீர் ஓடும் சத்தம், வெளியே ஓயாத சிள்வண்டு, முன்னோர் மாடத்திலிருந்து வரும் ஊதுபத்தி வாசனை. இவற்றுக்கு நடுவே குனிஹிக்கோவின் குரல் கேட்டது.

"பார்த்து. கம்பியப் பிடிச்சுக்க. அவசரம் ஒண்ணுமில்ல."

சிகுசா குழாயை மூடினாள். மேல்மாடிக்குப் போகும் மரப்படியில் ஊன்றல், இழுவை. மேலே போய்ச் சேர்ந்ததும் தரைப்பலகை ஒரு முறை முனகியது.

ஈரக் கையோடு கூடத்துக்கு ஓடினாள். அவர் செய்தித்தாளைப் பிரித்து வைத்துக்கொண்டு படிக்கட்டுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்.

"யாருகிட்டங்க பேசுனீங்க?"

"உங்கிட்டத்தான். இப்பத்தான மேல போன..." அவர் தலையைத் தூக்கினார். சமையலறை வாசலில் நிற்கும் மனைவியையும், படிக்கட்டையும், மறுபடி மனைவியையும் பார்த்தார். "அட. காதுல ஏதோ விழுந்துச்சு. பழக்கதோஷம், வாய் தானா சொல்லிருச்சு."

"என்ன விழுந்துச்சு காதுல?"

"விடு சிகுசா. வீடு நிறைய ஆளு வந்திருக்காங்க. நாலு சத்தம் கேட்கத்தான் செய்யும்."

அவர் சாதாரணமாகச் சொன்னார். இந்தச் சரிவில் எல்லோரும் ஓபோனில் அப்படித்தான் பேசுவார்கள். அவளும் பேசியிருக்கிறாள். ஆனால் மாமனார் நொண்டவில்லை. மாமியார் நொண்டவில்லை. மாடத்தில் படமாக இருக்கும் எவரும் நொண்டியதாக அவள் கேள்விப்பட்டதில்லை.

மத்தியானம் மாடத்தின் முன்னால் தேநீரை மாற்றப் போனாள். மழைக் கதவைப் பாதி சாத்தியிருந்ததால் அறை மங்கலாக இருந்தது. தாமரை இலையில் வைத்த கத்தரிக்காயும் பீச் பழமும் வெக்கையில் வாடத் தொடங்கியிருந்தன. ஊதுபத்திக்கு அடியில் வேறொரு வாசனை. முதலில் ஈரக்கல், கல்லுக்கடியில் வெயிலே படாத மண். அதற்கும் அடியில், மூக்கைக் கூசச்செய்யும் ஆஸ்பத்திரி மருந்து. அறுவைச் சிகிச்சைக்கு முன் அவள் காலில் பூசினார்களே, அதே மருந்து.

பாயில் ஈரம் பட்டிருந்தது. ஒரு இடது பாதம், விரல்கள் ஐந்தும் தெளிவாக. அதற்குப் பக்கத்தில் வலது பாதம் இல்லை. நீளமாக ஒரு கோடு. மறுபடி இடது பாதம். மறுபடி கோடு. மாடத்தின் முன்னால் தொடங்கி, கூடத்தைத் தாண்டி, அவர்கள் படுக்கும் அறைக்குள் போய், சிகுசா தன் படுக்கையை விரிக்கும் பக்கத்தில் முடிந்தது.

அவள் துணி எடுத்து வந்து துடைத்தாள். மண்டி போட்டு, பின்னோக்கி நகர்ந்தபடி, ஒன்று விடாமல் துடைத்தாள். துடைக்கும்போது ஒரு பாதத்தின்மேல் தன் இடது உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். பிறகு, வேண்டாம் வேண்டாம் என்று மனசு சொல்லச் சொல்ல, தன் இடது காலை வைத்துப் பார்த்தாள்.

விரலுக்கு விரல் பொருந்தியது.

அடுத்த நாள் குனிஹிக்கோவின் அக்கா தோக்கியே வந்தாள். பக்கத்துப் பள்ளத்தாக்கில் வாழ்க்கைப்பட்டவள். பெரிய குரல், பெரிய சிரிப்பு. பெர்சிமன் இலையில் சுற்றிய மீன் சுஷியை ஒரு பெட்டி நிறையக் கொண்டுவந்திருந்தாள். மாடத்தின் முன் மணியைத் தட்டி வணங்கிவிட்டு, விசிறியால் கழுத்துக்குக் காற்று வீசிக்கொண்டே சிகுசாவின் காலைக் குனிந்து பார்த்தாள்.

"பாரேன், தழும்புகூட சரியாத் தெரியல. பீங்கான் காலு! கீழ விழுந்து உடைச்சிராத, பசை போட்டு ஒட்ட முடியாது."

"போங்கக்கா."

"சும்மா சொல்றேன்டி. உனக்கென்ன, கொடுத்துவச்சவ. ஆளு இங்க, காலு அங்க. செர்ரிப் பூ பார்க்கப் போறப்ப முதல்லயே ஒருத்தன் போய்ப் பாயை விரிச்சு இடம் பிடிச்சு வைப்பானே, அந்த மாதிரி உனக்கு இடம் பிடிச்சாச்சு."

சிகுசாவின் கையிலிருந்த இலை பாதி பிரிந்தபடி நின்றது. "எங்க இடம் பிடிச்சாச்சு?"

தோக்கியேவின் விசிறி நின்றது. "உங்கிட்ட சொல்லலையா அவன்?"

"என்ன சொல்லல?"

"தப்பா எடுத்துக்காத. எடுத்த எலும்ப ஆஸ்பத்திரியில கேட்டு வாங்கிட்டு வந்துட்டான். மருந்து பாட்டில் மாதிரி ஒரு பாட்டில்ல. குப்பையோட போய் எரிக்கறதுக்கு மனசு வரலன்னான். வசந்த காலத்துல நம்ம கல்லறையைத் திறந்து உள்ள வச்சிட்டோம். நானும் போயிருந்தேன். கோயில் பிக்கு வந்து நல்லா ஓதினாரு."

"ஓதினாரா? யாரு பேரைச் சொல்லி?"

"உன் பேரத்தான். வேற யாரு பேரச் சொல்றது, உன் எலும்புக்கு?"

சிகுசா சிரிக்க முயன்றாள். மேல்மாடியில் ஏதோ மெல்ல உட்கார்ந்தது. முதலில் ஒரு கை தரையில் ஊன்றும் சத்தம். பிறகு, மடக்க முடியாத ஒரு காலை நீட்டிக்கொண்டு உடம்பை இறக்கும் சத்தம். தோக்கியே அண்ணாந்து பார்த்தாள்.

"குனி மேலயா இருக்கான்?"

"இல்லக்கா. தோட்டத்துக்குப் போயிருக்காரு."

தோக்கியே பெட்டியின் மூடியை எடுத்து மூடினாள். சாயந்தரம்வரை இருப்பதாகச் சொல்லி வந்தவள், அடுத்த பஸ்ஸுக்கே போய்விட்டாள்.

சிகுசா தோட்டத்துக்கு ஏறினாள். காய்கள் இன்னும் பச்சையாக, இலைக்குள் ஒளிந்திருந்தன. குனிஹிக்கோ மருந்தடிக்கும் குழாயைச் சுருட்டிக்கொண்டிருந்தார். அவள் கேட்டதும் மறுக்கவில்லை.

"உன் எலும்புதான சிகுசா. அம்பது வருஷம் உன்னத் தூக்கிச் சுமந்துச்சு. அதைப் போய் ஊசி, பஞ்சு, ரத்தத் துணியோட கொளுத்தறதா?"

"வேண்டாம்னு நான் சொன்னேனா இல்லையா?"

"சொன்ன."

"அது செத்துப்போனதுங்க!"

"அதனாலதான் கல்லறையில வச்சேன்." அவர் குழாயைக் கீழே வைத்தார். "அந்த ரெண்டு வருஷமும் ராத்திரியானா உன் காலை மடியில வச்சுப் பிடிச்சுவிடுவேன். நீ எதையாவது பேசிட்டே இருப்ப. சின்ன வயசுக் கதையெல்லாம் அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. இப்ப நீ நல்லாயிட்ட. சந்தோஷம்தான். ஆனா..."

"ஆனா?"

"ஒண்ணுமில்ல. வயசாகுது எனக்கு."

"அதை வெளிய எடுக்கணும். இன்னைக்கே."

"இப்பவா?" அவர் உண்மையாகவே அதிர்ந்துபோனார். "எல்லாரும் நம்ம வீட்டுல இருக்காங்க. ஆளில்லாத நேரத்துல போய் வீட்டைத் திறப்பாங்களா யாராவது? நாளைக்குச் சாயந்தரம் வழியனுப்பிருவோம். அப்புறம் பிக்குகிட்ட கேட்டு நானே எடுத்துட்டு வர்றேன். சரியா?"

அவள் சரியென்று தலையாட்டினாள். ஒரே ஒரு நாள்தான். ஆனால் அன்று மாலை சாப்பிடும்போது குனிஹிக்கோ மேசைக்கடியில் காலை ஓரமாக மடக்கிக்கொண்டார். காலை மடக்க முடியாத ஒருவர் எதிரே நீட்டி உட்கார இடம் விடுவதற்காக இரண்டு வருஷம் அவர் உட்கார்ந்த விதம் அது. சோற்றை விழுங்கினாள்.

வழியனுப்பும் நாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு குனிஹிக்கோ வராந்தாவில் படுத்துத் தூங்கிப்போனார். மின்விசிறி தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அவருக்கு ஒரு போர்வை போடலாமென்று வந்த சிகுசா, போர்வையோடு அப்படியே நின்றாள்.

அவருடைய வலது கை பாயின்மேல் இல்லை. பாய்க்குச் சற்று மேலே, காற்றில் இருந்தது. விரல்கள் எதையோ சுற்றி வளைந்திருந்தன. கட்டைவிரல் மட்டும் மெல்ல, வட்டமாக, அழுத்தி அழுத்தி நகர்ந்துகொண்டிருந்தது. தூங்குகிறவரின் கை அப்படி அந்தரத்தில் நிற்காது. அது எதன்மேலோ சாய்ந்திருந்தது.

ஆஸ்பத்திரி மருந்தின் வாசனை.

"வலிக்குதா?" என்றார் அவர், கண் மூடியபடியே. பதிலைக் கேட்டுக்கொள்வதுபோல ஒரு கணம் இருந்தார். பிறகு புன்னகைத்தார். இந்த வருஷத்தில் ஒரு தடவைகூட அவள் அவரிடம் பார்க்காத புன்னகை.

போர்வை கீழே விழுந்தது. சிகுசா செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே ஓடினாள்.

அவர் வந்து திறக்கும்வரை காத்திருக்க முடியாது. தானே எடுத்து ஆற்றில் வீசிவிட வேண்டும். கல்லறைக்குப் போகும் சரிவு செங்குத்தானது. பீங்கான் எலும்பு அவளைச் சுலபமாக மேலே கொண்டுபோனது. எந்தக் கல்லறையிலும் ஆளில்லை. பூக்கள் மட்டும் வெயிலில் தலை தொங்கிக் கிடந்தன. எல்லா வாசலும் திறந்து கிடக்கும் ஊர்போல, அங்கே யாருமில்லை என்பது அவளுக்குத் தோலில் தெரிந்தது.

கல்லறை வாயை மூடியிருந்த ஊதுபத்திக் கல்லைத் தோளால் முட்டி நகர்த்தினாள். கல் முரண்டு பிடித்தது, பிறகு உறுமிக்கொண்டு விலகியது. உள்ளே இருட்டு. ஆகஸ்ட் வெயிலுக்குள் பனிக்காற்று ஒன்று மேலே வந்து அவள் கன்னத்தைத் தொட்டது. குப்புறப் படுத்துக் கையை விட்டாள். மாமனாரின் சாம்பல் சாடி. மாமியாருடையது. அவற்றுக்குப் பக்கத்தில், வழுவழுப்பாக, சின்னதாக, பாட்டில்.

வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தாள். மூடி இறுக்கமாக இருந்தது. மூடியைச் சுற்றி ஒட்டிய நாடாவும் கிழியவில்லை.

உள்ளே ஒன்றுமில்லை.

திரும்பத் திரும்பக் குலுக்கிப் பார்த்தாள். பிடிமானத்துக்குக் கல்லறைக் கல்லைப் பற்றிக்கொண்டு எழுந்தாள். அவள் விரல்கள் செதுக்கிய எழுத்துகளின்மேல் இருந்தன. கல் நட்டவர்கள் என்று அவர் பெயரும் அவள் பெயரும். உயிரோடிருப்பவர்களின் பெயருக்குச் சிவப்புச் சாயம் பூசுவார்கள். போனபிறகு சாயத்தைச் சுரண்டிவிடுவார்கள். குனிஹிக்கோ என்ற எழுத்துகள் நேற்றுத் தீட்டியதுபோலச் சிவந்திருந்தன.

சிகுசா என்ற எழுத்துகளில் சாயம் இல்லை.

வெயிலில் போயிருக்கும். மழையில் போயிருக்கும். நகத்தால் பள்ளத்தைச் சுரண்டினாள். ஒரு துளிச் சிவப்பு எங்காவது, ஏதாவது ஒரு மூலையில். சாம்பல் நிறக் கல்தூள்தான் நகத்தில் வந்தது. எவ்வளவு நேரம் சுரண்டினாள் என்று தெரியவில்லை. தலையைத் தூக்கியபோது சிள்வண்டுகளின் சத்தம் மாறியிருந்தது. அந்தி நேரத்து வண்டுகள் மரத்துக்கு மரம் அழுதன. கீழே சரிவு முழுக்க, ஒவ்வொரு வீட்டு வாசலிலும், ஒவ்வொன்றாகச் சின்னச் சின்னத் தீ எழுந்துகொண்டிருந்தது.

அவள் ஓடினாள். மூன்று வருஷத்தில் இப்படி அவள் ஓடியதே இல்லை. வலியே இல்லை. மூச்சும் வாங்கவில்லை. காலடி மண்ணில் படும் சத்தம்கூட அவளுக்குக் கேட்கவில்லை.

வீட்டு வாசலில் தீ எரிந்துகொண்டிருந்தது. மண்சட்டிக்கு வீட்டுப் பக்கமாகக் குனிஹிக்கோ குந்தியிருந்தார். சிகுசா வெளிப்பக்கம், சாலையில்.

"என்னங்க!"

அவர் நிமிர்ந்தார். புகை வழியாக அவளை, அவள் இருந்த இடத்தை, நேராகப் பார்த்தார். கைகூப்பினார்.

"பத்திரமாப் போயிட்டு வாங்க. அடுத்த வருஷமும் வரணும்."

"நான்தாங்க. சிகுசா. இங்க பாருங்க!"

அவர் இன்னும் குனிந்து வணங்கினார். தீ முழங்கால் உயரம்கூட இல்லை. தாண்டிவிடலாம். ஒரே ஒரு அடி. அவள் வலது காலைத் தூக்க நினைத்தாள். கால் கேட்கவில்லை. வலிக்கவும் இல்லை, மரக்கவும் இல்லை. வெறுமனே கேட்கவில்லை.

வீட்டுக்குள் ஊன்றுகோல் தட்டியது.

ஊன்றல். இழுவை.

குனிஹிக்கோ திரும்பினார். அவர் முகம் மலர்ந்தது. "நீ ஏன் வந்த? உட்கார்ந்திருன்னு சொன்னேன்ல?"

"நானும் ஒரு வார்த்தை சொல்லிரலாமேன்னு வந்தேன்." சிகுசாவின் குரல். ஆனால் இவள் வாய் திறக்கவில்லை.

முற்றத்தின் இருட்டிலிருந்து வந்தது அந்த இரண்டு வருஷத்துச் சிகுசா. முகம் வலியில் சுருங்கியிருந்தது. ஒரு கை ஊன்றுகோலில், ஒரு கை குனிஹிக்கோவின் தோளில். காலை நீட்டி, மெல்ல, அவர் பக்கத்தில் இறங்கி உட்கார்ந்தாள். தீக்கு அந்தப் பக்கமிருந்து சிகுசாவைப் பார்த்தாள். அவளுக்கு மட்டும் இவள் தெரிந்தாள்.

கைகூப்பினாள்.

"போயிட்டு வாங்க" என்றாள்.

குனிஹிக்கோ குவளைத் தண்ணீரைச் சட்டியில் ஊற்றினார். உஸ்ஸென்று வெண்புகை எழுந்தது. வெளிச்சம் போனது. இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு எழுந்து, கதவைச் சாத்தினார்கள். தாழ் விழுந்தது.

சாலையில் சிகுசா தனியாக இல்லை. பின்னால் துணிகள் உரசின. யாரோ தொண்டையைச் செருமினார்கள். அவளுடைய கால் தானாகத் திரும்பியது, அதோடு உடம்பும் திரும்பியது.

சரிவின் எல்லா வீட்டிலிருந்தும் வந்தவர்கள் சாலையோரமாக ஒருவர் பின் ஒருவராக, மலையைப் பார்த்து நின்றிருந்தார்கள். யாரும் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. வரிசையில் மாமியாரின் முதுகுக்குப் பின்னால் ஒரு ஆள் நிற்கும் அளவுக்கு இடம் விட்டிருந்தது. அதற்குப் பின்னால் இருப்பவர்கள், வெகுநேரமாகக் காத்திருப்பவர்களைப்போல, பொறுமையாக நின்றிருந்தார்கள்.

வலது கால் முதலில் போனது.